டாஸ்க்பாரில் பிளேயர் பொத்தான்களைக் காணோம்: கேள்வி-பதில்

கே: முன்பெல்லாம் மீடியா பிளேயரை மினிமைஸ் செய்தால் டாஸ்க்பாரிலேயே ஒரு குட்டி பிளேயர் வந்து உட்காரும். இப்போது காணவில்லை. எப்படி வரவழைப்பது?

ப: எந்த விண்டோஸ் என்று எழுத வேண்டாமா? எக்ஸ்பி அல்லது விஸ்டா என்றால் டாஸ்க்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, டூல்பார்ஸ் பட்டியலில் விண்டோஸ் மீடியா பிளேயரை டிக் செய்யுங்கள். பிளேயரை மினிமைஸ் செய்தால்தான் அது தலைகாட்டும். விண்டோஸ் 7-இல் மைக்ரோசாஃப்ட்டே அதை எடுத்துவிட்டது. ஐகான் மேல் மவுஸை வைத்தால் எழும் சிறு படத்தின் அடியில் பிளே, முந்தையது, அடுத்தது என மூன்று பொத்தான்கள் வரும். அவ்வளவுதான். 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் டூல்பார் வசதியே கிடையாது.

கே: விஸ்டா வைத்திருக்கிறேன். டூல்பார்ஸ் பட்டியலில் மீடியா பிளேயர் பெயரே இல்லை. ஒரு தளத்திலிருந்து அந்தக் குட்டி பிளேயருக்கான டபிள்யூஎம்பிபேண்ட் டிஎல்எல்லை (wmpband.dll; டிஎல்எல் என்பது புரோகிராம்கள் ஏற்றிப் பயன்படுத்தும் துணை ஃபைல்) இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டேன். அப்போதும் வரவில்லை.

ப: அந்த ஃபைல் ஏற்கெனவே உங்கள் கணினியில்தான் இருக்கிறது! புரோகிராம் ஃபைல்ஸுக்குள் விண்டோஸ் மீடியா பிளேயர் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் விண்டோஸில் அதைப் பற்றிய பதிவுக் குறிப்பு மட்டும்தான் அழிந்திருக்கும். கட்டளை தட்டும் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிஎல்எல்லைப் பதிவுசெய்யும் ரெக்எஸ்விஆர்32 (regsvr32) கட்டளைக்குப் பின் அந்த ஃபைலின் முழுப் பாதையை இரட்டை மேற்கோளுக்குள் கொடுங்கள். வெற்றி என்று செய்தி வந்ததும் லாக்-ஆஃப் செய்து திரும்ப வந்து டிக் செய்யுங்கள். ஃபைலே பழுதென்றால், விண்டோஸின் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் (sfc /scannow) ஓட்டுங்கள். விண்டோஸ் தன்னிடமுள்ள பிரதியிலிருந்து சரிசெய்துகொள்ளும்.

இனி அந்த டிஎல்எல் விஷயம். இதை எத்தனை முறை எழுதினாலும் யாராவது ஒருவர் செய்துவிடுகிறார். டாஸ்க்பாரில் உட்காரும் டூல்பார், டாஸ்க்பாரையும் ஃபோல்டர்களையும் காட்டும் விண்டோஸ் எக்ஸ்புளோரருக்குள்ளேயே ஓடுகிறது. நீங்கள் திறக்கக்கூடிய ஒவ்வொரு ஃபைலையும் அதுவும் திறக்கலாம். ஊர் பேர் தெரியாத தளத்தில் யாரோ ஏற்றிய ஃபைலை அந்த இடத்தில் வைப்பது, வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பது போல. அது எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா என்றுகூட அந்தத் தளங்கள் பல நேரம் சொல்வதில்லை. 64 பிட் எக்ஸ்புளோரர் 32 பிட் டிஎல்எல்லை ஏற்றவே ஏற்றாது. போட்ட ஃபைலை முதலில் நீக்குங்கள், முழு வைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள். விஸ்டாவுக்கான பாதுகாப்பு அப்டேட் 2017-லேயே நின்றுவிட்டதால் அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காமல் இருப்பது நல்லது.

கே: ஐகான் மேல் மவுஸை வைத்தால் சிறு படம் வரவில்லை, வெறும் பெயர்ப் பட்டியல்தான் வருகிறது.

ப: ஒரே புரோகிராமில் ஏகப்பட்ட விண்டோக்களைத் திறந்திருக்கிறீர்கள். சிலவற்றை மூடினால் படமும் பொத்தான்களும் திரும்பும்.

கே: படம் வருகிறது, பொத்தான்கள் இல்லை. நேற்று எக்ஸ்புளோரர் ஒருமுறை நின்று தானாகவே ரீஸ்டார்ட் ஆனது.

ப: பிளேயரை மூடித் திறங்கள். நடந்ததைச் சேர்த்து எழுதினீர்களே, கேள்வி இப்படி இருக்க வேண்டும்.

கே: விஎல்சி மீடியா பிளேயரில் கீழே இருந்த பொத்தான் வரிசை முழுக்கப் போய்விட்டது.

ப: கண்ட்ரோல் + ஹெச். கை தவறி அதைத்தான் அழுத்தியிருப்பீர்கள்.

கே: விண்டோஸ் 10-இல் வால்யூம் விசையை அழுத்தினால் பிரவுசரில் ஓடும் பாட்டுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி வருகிறது. விஎல்சிக்கு ஏன் வருவதில்லை?

ப: என்ன ஓடுகிறது என்று புரோகிராம் விண்டோஸிடம் சொன்னால்தான் அந்தப் பெட்டி வரும். விஎல்சி 3 வரிசை சொல்வதில்லை. அதன் டாஸ்க்பார் பொத்தான்களையே பயன்படுத்துங்கள். இதற்காக எங்கிருந்தோ டிஎல்எல் இறக்க வேண்டாம்.

கே: எதுவும் வேலை செய்யவில்லை. அவசரம்.

ப: எது? விண்டோஸ் விசையோடு பாஸ் (Pause) விசையை அழுத்தினால் சிஸ்டம் விவரம் வரும். பதிப்பு, பிட் எண்ணிக்கை, பிளேயரின் பெயர் மூன்றையும் எழுதுங்கள்.

கே: புதிதாக நிறுவிய விண்டோஸில் மீடியா பிளேயரே இல்லை.

ப: பதிப்பின் பெயர் 'என்' (N) என்ற எழுத்தில் முடிகிறதா பாருங்கள். அந்தப் பதிப்பில் பிளேயர் இருக்காது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் மீடியா ஃபீச்சர் பேக்கைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இலவசம்தான்.

கே: விண்டோஸ் 11-இல் பழைய டூல்பாரைத் திரும்பத் தரும் மென்பொருள்களைப் போடலாமா?

ப: அவை எக்ஸ்புளோரரின் உள்ளேயே கைவைப்பவை. பெரிய அப்டேட் வந்த மறுநாள் டாஸ்க்பாரே திறக்காமல் போகலாம். அலுவலகக் கணினியில் வேண்டவே வேண்டாம். சொந்தக் கணினி என்றால், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் எடுத்துவிட்டு, தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.