எஸ்1000டி பிசினஸ் ரூல்ஸ்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: மேடம், எஸ்1000டி (S1000D) என்பது தொழில்நுட்பக் கையேடு எழுத உலகம் முழுக்கப் புழங்கும் ஸ்டாண்டர்டு. அதைப் பார்த்து அப்படியே கையேடு எழுத வேண்டியதுதானே? ப்ராஜெக்டுக்கென்று தனியாக விதிகள், அதாவது பிசினஸ் ரூல்ஸ், எதற்கு?

பதில்: அப்படியே எழுத முடியாது. போர் விமானம், கப்பல், பயணிகள் விமானம் எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும் என்பதால், நூற்றுக்கணக்கான இடங்களில் முடிவை உங்களிடமே விட்டிருக்கிறது. அந்த இடங்களைத்தான் பிஆர்டிபி (BRDP, பிசினஸ் ரூல்ஸ் டிசிஷன் பாயிண்ட்) என்கிறோம். நீங்கள் முடிவு செய்யாமல் விட்டால் எழுதுகிறவர் ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துகொள்வார்.

கேள்வி: அக்கா, இத்தனையில் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: டேட்டா மாட்யூல் கோடிலிருந்து. கையேட்டின் தனித்தனித் துண்டுதான் டேட்டா மாட்யூல்; அதன் அடையாளக் குறியீடுதான் கோடு. அந்தக் கோடில், மாட்யூல் எதைப் பற்றியது என்று சொல்லும் பகுதி இன்ஃபோ கோடு: ஒரு பம்பைக் கழற்றும் முறைக்கு 520, மாட்டும் முறைக்கு 720. இரண்டையும் ஒரே மாட்யூலில் போடுவதா, பிரிப்பதா? பிரிக்க வேண்டும் என்பேன். பின்னால் இருக்கும் வால்வைச் சரிசெய்ய முதலில் பம்பைக் கழற்ற வேண்டியிருந்தால், அங்கே 520 மாட்யூலைச் சுட்டினாலே போதும்; திரும்ப எழுத வேண்டாம். அதேபோல, பாகங்களை எந்த ஆழம் வரை பிரித்துக் கோடு கொடுப்பது, எஸ்என்எஸ் (SNS, சிஸ்டம், பாகங்களுக்கான எண் முறை) எண்களை ஒதுக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் முதல் மாட்யூல் எழுதும் முன்பே தீர்த்துவிடுங்கள். மாட்யூல்கள் ஒன்றையொன்று சுட்டுவது இந்த மாட்யூல் கோடு மூலமாகத்தான். ஆயிரக்கணக்கில் எழுதிய பிறகு கோடை மாற்றினால் அத்தனை இணைப்பும் அறுந்துபோகும். டார்க் அளவு நியூட்டன் மீட்டரில் மட்டுமா, பவுண்டு-அடியிலும் வேண்டுமா என்பதைக்கூட அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம். கோடு விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பிரெக்ஸ் (BREX) மாட்யூல், அதாவது ரூல்களை சாஃப்ட்வேர் சோதிக்கும் வடிவில் எழுதிய மாட்யூல், தயார். இனி தவறை சாஃப்ட்வேரே பிடித்துவிடும் அல்லவா?

பதில்: பாதியைப் பிடிக்கும். கோப்பில் டேக் போட்ட ஒரு பகுதிதான் எலிமெண்ட்; அது இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரி எக்ஸ்பாத். எக்ஸ்பாத் கொடுத்து, இந்த எலிமெண்ட் கூடாது என்றால் 0, கட்டாயம் என்றால் 1, விருப்பம் என்றால் 2 என்று பிரெக்ஸில் எழுதுகிறோம். எலிமெண்ட் இருக்கிறதா, இல்லையா, எந்த மதிப்பு வரலாம் என்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆளுக்கு ஆபத்து என்றால் வார்னிங், கருவிக்குச் சேதம் என்றால் காஷன். உயர் அழுத்த ஹைட்ராலிக் குழாயைத் திறக்கும் இடத்தில் ஒருவர் காஷன் போட்டிருந்தால், பிரெக்ஸ் சோதனை ஒன்றும் சொல்லாமல் பாஸ் செய்துவிடும். அடிபடப்போவது மெக்கானிக். இதற்கெல்லாம் மனிதர் படித்துப் பார்க்கும் ரூல் வேண்டும். அதை ரூல்ஸ் ஆவணத்தில் காரணத்தோடு எழுதுங்கள். காரணம் இல்லாத ரூலை அடுத்து வருகிறவர் தயங்காமல் மீறுவார்.

கேள்வி: கஸ்டமரிடம் ஏற்கெனவே பிரெக்ஸ் இருக்கிறது. நாங்கள் புதிதாக எழுத வேண்டுமா சார்?

பதில்: சார் இல்லை, மேடம். அவர்களுடையதன் மேல் உங்களுடையதை அடுக்குங்கள். அவர்கள் விதியை நீங்கள் இறுக்கலாம், தளர்த்தக் கூடாது.

கேள்வி: ப்ராஜெக்ட் எஸ்1000டி 4.1 வெளியீட்டில் நடக்கிறது. புதிய வெளியீட்டுக்கு மாறிவிடலாமா?

பதில்: ஒப்பந்தத்தில் எந்த வெளியீடோ அதிலேயே இருங்கள். கஸ்டமர் எழுத்தில் கேட்டால் மட்டும் மாற்றுங்கள். அப்போது எலிமெண்ட் பெயர் தொடங்கி பிரெக்ஸ் வரை ஒவ்வொரு முடிவையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்; அதற்கான நாட்களையும் சேர்த்தே கேளுங்கள்.