பொலிட்டிக்கல் சயின்ஸ் கேட்கும் பெண்ணின் அப்பாவுக்கு

ஐயா, வணக்கம். பாப்பா இன்ஜினியரிங் வேண்டாம், பொலிட்டிக்கல் சயின்ஸ்தான் படிப்பேன் என்கிறாள். சேலம் சிவதாபுரத்தில் உங்கள் கொலுசுப் பட்டறைக்கு வந்துபோகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "கட்சியில சேரப் போறாளா?" என்று கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். கட்சியில் சேர யாரும் பட்டம் கேட்பதில்லை. இந்தப் படிப்பில் வருவது அரசியலமைப்புச் சட்டம், பொது நிர்வாகம், தேர்தல் முறை, வெளியுறவு போன்றவை.

வேலை கிடைக்குமா என்று கேட்டால், பி.ஏ. பட்டத்தை மட்டும் நம்பிப் போனால் கஷ்டம்தான். கூடவே சட்டமோ, போட்டித் தேர்வோ, முதுகலையோ சேர வேண்டும். எது என்று இன்றே முடிவு செய்ய வேண்டாம், இரண்டாம் வருஷம் முடிவதற்குள் தெரிந்தால் போதும்.

ஆனால் இன்றே யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பாப்பா ஒன்றாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்றீர்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடம் தனியாக உண்டு. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது செல்லும். பத்தாம் வகுப்புத் தகுதியுள்ள குரூப் 4-க்குப் பள்ளிப் படிப்பே போதும். குரூப் 1, குரூப் 2-க்குப் பட்டப்படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். "இங்கிலீஷ் மீடியம்தான் கெத்து" என்று பி.ஏ.வில் மாறிக்கொண்டு, பிறகு விண்ணப்பம் போடும்போது விழிக்கிற பிள்ளைகள் நிறைய. டெல்லி, ஹைதராபாத், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்க ஆசை என்றால் பட்டதாரிப் பணிகளில் அந்த 20 சதவீத வாய்ப்பை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். தெரிந்தே விட்டுக்கொடுப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு. தமிழ் வழியில் சேர்ந்தாலும் தினமும் ஒரு ஆங்கிலப் பேப்பர் படிக்கச் சொல்லுங்கள். ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்கான யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், ஆனால் ஆங்கிலத் தாளில் தேர்ச்சி பெறாமல் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள்.

கலெக்டர் கனவு பற்றியும் சொல்கிறேன். யு.பி.எஸ்.சி.யில் அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள், 500 மதிப்பெண். பொது அறிவு இரண்டாம் தாளும் பெரும்பாலும் இதே பாடம்தான். அந்த வகையில் பாப்பாவுக்கு லாபம். ஆனால் லட்சக்கணக்கானோர் எழுதி, சமீப வருடங்களில் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான் தேர்வாகிறார்கள். ஓ.பி.சி. பிரிவினர் 35 வயது வரை எழுதலாம் என்பது சலுகைதான். அதுவே பொறியாகவும் ஆகிவிடுகிறது: வேறு எதுவும் செய்யாமல் முப்பதைத் தாண்டிவிடுகிறார்கள். டிகிரி முடித்து மூன்று வருஷம்தான் இந்த முயற்சி என்று வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மாநில அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வும் எழுதட்டும். குரூப் 4-ல் வரும் இளநிலை உதவியாளர் வேலைக்கு 18 வயது போதும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே பயிற்சி தருகிறார்கள். பணம் கட்டிப் படிக்கும் கோச்சிங்கை அப்புறம் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்திலும் யு.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறவர்களில் தேர்வு வைத்து ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் கொடுக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், வீட்டுக்கு நிம்மதியான வழி சட்டம். பி.ஏ. முடித்து மூன்று வருஷம். சேலத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் வேலை என்றால் எம்.ஏ.வோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும், பொறுமையும் வேண்டும். பத்திரிகை, தேர்தல் ஆய்வு பக்கம் போக நினைத்தால் எக்செல்லும் கொஞ்சம் புள்ளியியலும் கற்றுக்கொள்ளட்டும்.

இந்தப் பாடத்துக்குச் சேலம் மாதிரி ஊர் அமைவது அதிர்ஷ்டம். நீதிக்கட்சி 1944-ல் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது இங்கே நடந்த மாநாட்டில். சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் 2019-ல் ரத்து செய்தது, அடுத்த வருஷ டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கை செல்லும் என்றது. ஏன் என்று அந்த இரண்டு தீர்ப்புகளையும் பாப்பா படித்துப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். அது ஏன் என்று தேடினாலே தொகுதி மறுவரையறை முழுக்கப் புரிந்துவிடும். அக்டோபர் 2 அன்று சொந்தக்காரர் ஊரில் கிராம சபை நடக்கும், கூட்டிப்போய் உட்கார வையுங்கள். வரவு செலவை யார் வாசிக்கிறார், யார் கேள்வி கேட்கிறார், தீர்மானத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வரட்டும். இதெல்லாம் பிடித்திருந்தால் பாடமும் பிடிக்கும். சலிப்பாக இருந்தால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சேர்க்கை விஷயம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ப்ளஸ் டூ ரிசல்ட் நேரத்தில் ஆன்லைனில் போட்டால் போதும். எல்லாக் கல்லூரியிலும் இந்தப் பாடம் இருக்காது, வரலாறு கிடைத்தாலும் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். மத்தியப் பல்கலைக்கழகத்துக்கான க்யூட் தேர்வுக்கு ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பித்தாக வேண்டும், பொங்கல் முடிந்ததும் தேதியைப் பார்க்கத் தொடங்குங்கள்.