வாடகை வீடு தேடும் மாணவர்களுக்கு: அட்வான்ஸ் கைமாறும் முன் ஒரு பத்திர எழுத்தரிடம் கேளுங்கள்

மதுரையில் 27 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் என் திண்ணைக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். பாதிப் பேர் பணம் கொடுப்பதற்கு முன் வருகிறார்கள், மீதிப் பேர் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இந்த ஆண்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கம்பத்திலிருந்து ஒரு தந்தை: ஐயா, மகளுக்குச் சொக்கிகுளம் பக்கம் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. தல்லாகுளத்தில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 6,000 என்று இணையத்தில் விளம்பரம் பார்த்தேன். உரிமையாளர் ராணுவத்தில், ஜம்முவில் இருக்கிறாராம். அடையாள அட்டை, ஆதார் எல்லாம் அனுப்பிவிட்டார். 5,000 ரூபாய் டோக்கன் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். நம்பலாமா?

போடாதீர்கள். தல்லாகுளத்தில் அந்த வாடகைக்கு அப்படி ஒரு வீடு காலியானால் அது விளம்பரம் வரைக்கும் வராது. எதிர்வீட்டுக்காரரே தன் மச்சினனுக்குப் பேசி முடித்திருப்பார்.

ராணுவம், துணை ராணுவம், வெளிநாட்டு வேலை என்று எதைச் சொன்னாலும் நோக்கம் ஒன்றுதான்: நேரில் வராமலிருக்க மரியாதையான ஒரு சாக்கு. ராணுவ உடையைப் பார்த்ததும் நமக்குச் சந்தேகம் கேட்கக் கூச்சமாகிவிடுகிறது. அந்த அடையாள அட்டை வேறு யாருடையதாகவும் இருக்கலாம், முன்பு ஏமாந்த ஒருவர் நம்பி அனுப்பியதாகவும் இருக்கலாம். அதனால் மகளின் ஆதாரை அந்த ஆளுக்கு அனுப்பாதீர்கள். அடுத்த ஊரில் அதுதான் 'உரிமையாளரின் ஆதார்' ஆகும்.

நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கூடத்தில் மரத்தரை, படுக்கையறையில் மொசைக். சுவிட்ச் பலகை ஒரு படத்தில் கறுப்பு, இன்னொன்றில் வெள்ளை. எல்லாவற்றுக்கும் மேலாக, தரைத்தள வீடு என்கிறார், ஜன்னலில் கம்பியே இல்லை. ஜன்னலுக்குக் கம்பி வைக்காமல் தரைத்தளம் கட்டிய ஆளை மதுரையில் நான் பார்த்ததில்லை.

இன்னும் மனம் கேட்கவில்லையென்றால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், எத்தனை மணிக்கு விடுவார்கள்?" உண்மையான வீட்டுக்காரராக இருந்தால் இதற்குப் பத்து நிமிடம் புலம்புவார். பதிலை எனக்கும் சொல்லுங்கள்.

முதலாண்டு மாணவர், பரமக்குடி: வீடு பிடிக்கவில்லை என்றதும், கட்டிய டோக்கனைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு கியூஆர் கோடு அனுப்பினார்கள். ஸ்கேன் செய்து, பணப் பரிவர்த்தனைக்கான ரகசியப் பின் (PIN) எண் போட்டேன். நேற்று இரவு இன்னும் 9,000 போய்விட்டது.

தம்பி, இதைப் படித்து முடிக்க வேண்டாம், முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், வழியில் எங்காவது முடக்க முடிந்தால்தான் உண்டு. பரிவர்த்தனை எண், நேரம், உங்கள் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள், வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நாள்தான் திருடனுக்கு வேண்டும்.

பின் எண் என்பது பணம் கொடுப்பதற்கு மட்டும்தான். வாங்குவதற்கு அதைப் போடவே தேவையில்லை, ஸ்கேன் செய்யவும் தேவையில்லை.

சிவகங்கையிலிருந்து ஒரு தாய்: இரண்டு மகன்களும் திருப்பரங்குன்றத்தில் பொறியியல் படிக்கிறார்கள். திருநகரில் ஒரு வீட்டை 5 லட்சத்துக்கு ஒத்திக்குத் தருவதாகத் தரகர் சொல்கிறார். மாத வாடகை கிடையாது, நான்கு ஆண்டு முடிந்ததும் முழுத் தொகையும் திரும்பி வருமாம். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்.

அம்மா, மற்றவர்கள் இழப்பது ஆயிரங்களில், ஒத்தியில் போவது நகையை வைத்துப் புரட்டிய லட்சங்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒத்தி என்பது வீட்டை உங்கள் அனுபவத்தில் ஒப்படைத்து வாங்கும் கடன், சட்டப்படி ஓர் அடமானம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 59-வது பிரிவு, 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்த பத்திரத்தால்தான் ஏற்படுத்த முடியும் என்கிறது. நீங்கள் கொடுப்பது 5 லட்சம். 20 ரூபாய்த் தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டால் பணம் கொடுத்ததற்கு அது ஒரு தடயம், வீட்டின் மீது அதனால் உங்களுக்கு அடமான உரிமை வராது. பதிவுச் செலவு வீண் என்று தரகர் சொல்வார். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில், அதாவது சொத்தின் மீதுள்ள பதிவுகளைக் காட்டும் சான்றில் ஏறிவிடும், அடுத்த ஆளிடம் அதே வீட்டைக் காட்ட முடியாது என்பதுதான் அவருடைய கவலை.

எந்தப் பக்கம் என்று இடம் சொல்ல வேண்டாம், ஒரே வீட்டுக்கு மூன்று ஒத்தித் தாள்களை ஒரே நாளில் என் மேசையில் பார்த்தவன் நான். மூன்று குடும்பங்களும் ஒருவரையொருவர் திருடர் என்று திட்டிக்கொண்டு நின்றன. எழுதிக் கொடுத்தவர் உரிமையாளரே இல்லை. பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடிவந்த வாடகைக்காரர்!

எனவே முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், பார்ப்பது இலவசம். சர்வே எண்ணும் கிராமமும் தெரிந்தால் போதும். வங்கிக் கடன் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். கடன் உள்ள வீடு என்றால் விட்டுவிடுங்கள், வங்கி ஏலத்துக்கு வரும் நாளில் ஒத்திக்காரர் பெட்டியோடு தெருவில் நிற்பார். மூலப் பத்திரத்தை நேரில் பார்க்க வேண்டும், நகலை அல்ல. பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். இதில் ஒன்றுக்கு மறுத்தாலும் மாத வாடகைக்கே போய்விடுங்கள். என்னைக் கேட்டால், படிக்கிற பிள்ளைகளுக்கு ஒத்தியே வேண்டாம்.

மாணவி, நாகமலை புதுக்கோட்டை: ஆவணம் கேட்டால் வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்களே?

கேட்கும் விதத்தில் கேளுங்கள் அம்மா. "அப்பா பார்க்க வேண்டும் என்கிறார்" என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. வீட்டுவரி ரசீதும் மின்கட்டண ரசீதும் போதும். பெயர் பொருந்தாவிட்டால் உடனே ஓடிவிடாதீர்கள், மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அப்போது மாடியிலும் பக்கத்திலும் குடியிருப்பவர்களிடம், வாடகையை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று விசாரியுங்கள்.

இளங்கலை இறுதியாண்டு மாணவர்: சீனியர் அண்ணன் ஊருக்குப் போகிறார். அவருடைய அட்வான்ஸ் 20,000-ஐ நாங்கள் அவரிடமே கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விடலாம் என்கிறார்.

அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவர் மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருந்தால் அந்த 20,000 ஏற்கெனவே கரைந்துபோயிருக்கும். எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடச் சட்டத்திலும் இடமில்லை. உரிமையாளர், அண்ணன், நீங்கள் மூவரும் ஓரிடத்தில் நின்று பேசி, உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் எழுதிய பிறகு பணம் கொடுங்கள்.

ஆராய்ச்சி மாணவி: காலி செய்து ஐந்து மாதம் ஆகிறது. பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று 30,000 அட்வான்ஸையும் பிடித்துக்கொண்டார்.

இது மோசடி அல்ல, பேராசை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, நீங்கள் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவும் கூடாது. கணக்கு கேட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். பல பேர் அந்தத் தபாலுக்கே இறங்கி வந்துவிடுவார்கள். அடுத்த வீட்டில் குடிபோகும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள்.

உசிலம்பட்டி மாணவி: தனியார் பெண்கள் விடுதியில் என்ன பார்ப்பது?

உரிமம். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். சுவரில் மாட்டியிருக்கிறதா, காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். அடுத்து, தீப்பிடித்தால் இறங்க இரண்டாவது வழி உண்டா என்று பாருங்கள். 2024 செப்டம்பரில் கட்ராபாளையம் விடுதித் தீயில் பெண்கள் உயிரிழந்ததை இந்த ஊர் மறக்கவில்லை.

கம்பம் தந்தை, மறுபடியும்: கேட்டேன் ஐயா. காலையும் மாலையும் தண்ணீர் வரும், அந்தப் பக்கம் தண்ணீர்ப் பிரச்சினையே கிடையாது என்றார். அடுத்த நிமிடமே, வேறு ஒருவர் டோக்கன் போடக் காத்திருக்கிறார் என்றார்.

அந்த வேறு ஒருவருக்கே வீட்டை விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த ஜம்மு 'உரிமையாளரின்' எண்ணையும் விளம்பரத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மகளோடு கிளம்பி வாருங்கள், கம்பம் பஸ் ஆரப்பாளையத்தில் விடும். வெயில் ஏறுவதற்குள் நாலு தெரு நடந்தால் போதும், வாசல் கேட்டில் கம்பி கட்டித் தொங்கும் 'வீடு வாடகைக்கு' அட்டைகளில் பாதி எந்த இணையத்திலும் ஏறுவதில்லை.