ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரலாமா? நாய் மீட்புப் பணி: கேள்வி பதில்

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன நாய் மீட்புக் குழுவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். கால்நடை டாக்டர் இல்லை. பகலில் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். எங்களோடு சேர விரும்புகிறவர்களும், சேர்ந்துவிட்டு விழிக்கிறவர்களும் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில்.

முதல் நாள் என்ன வேலை தருவீர்கள்? குட்டிகளோடு இருக்கலாமா? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

கழுவுகிற வேலைதான் அம்மா. குட்டிகள் பக்கம் முதல் மாதம் விடவே மாட்டோம். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, உங்கள் செருப்பின் மேல்தான் நம்பிக்கை இல்லை. பார்வோ என்று ஒரு வைரஸ் இருக்கிறது. நோய் வந்த குட்டியின் கழிவு பட்ட மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும். ஊசி போடாத குட்டிக்கு ரத்த பேதி ஆரம்பித்தால் இரண்டு மூன்று நாளில் கை மீறிப் போய்விடும். சாதாரண சோப்புக்கும் டெட்டாலுக்கும் அது அசையாது. முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச்சிங் திரவம் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அதற்கு முன் அழுக்கைச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்து வீண்.

கழுவி முடித்தால் சமையல். குருணையும் கோழித்தலையும் கோழிக்காலும் மஞ்சள் போட்டு வேகவைத்து, எலும்பைப் பொறுக்கி எடுக்க வேண்டும். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். படம் எடுத்துப் போட வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த எலும்பு பொறுக்கும் கட்டத்தில் காணாமல் போய்விடுவார்கள்.

எனக்கு நாய்க்கடி ஊசி முன்கூட்டியே தேவையா? கடித்த பிறகு போட்டால் போதாதா? (மருந்து விற்பனைப் பிரதிநிதி, மன்னார்குடி)

தேவை. முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று ஊசி. அதைப் போட்டவருக்குப் பிற்பாடு கடிபட்டால் இரண்டே ஊசி: அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று. போடாதவருக்கு முழு வரிசை. கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கிற மருந்தையும் செலுத்த வேண்டும். அது எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் எப்போதும் இருக்காது.

யாராக இருந்தாலும் கடிபட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றே: ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்ப வேண்டாம். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் அதன் பிறகு வைத்தியம் இல்லை. நானே ஒரு தடவை 'நகக் கீறல்தானே' என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். வீட்டில் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது, நியாயமான திட்டு.

சென்னையில் வேலை. சொந்த ஊர் பாபநாசம். மாதம் ஒரு ஞாயிறுதான் வர முடியும். பயன் உண்டா? (ஐ.டி. ஊழியர்)

உண்டு, ஆனால் அந்த ஒரு ஞாயிறு வந்தே ஆக வேண்டும். தினமும் வருவேன் என்று சொல்லி மூன்றாம் வாரம் போனை எடுக்காதவரைவிட, மாதம் ஒரு நாள் தவறாமல் வருகிறவரை வைத்து நான் அட்டவணை போட முடியும். மற்ற நாட்களில் போன் வேலை பாருங்கள். 'நாய் அடிபட்டுக் கிடக்குது, சீக்கிரம் வாங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எந்தத் தெரு, எந்தக் கடை எதிரில், எழுந்து நிற்கிறதா, வாயில் நுரை இருக்கிறதா, வண்டி வரும்வரை பக்கத்தில் ஒருவர் நிற்பாரா என்று பொறுமையாகக் கேட்டு வாங்க வேண்டும். தத்துக் கொடுத்த வீடுகளுக்கு ஒரு வாரம், ஒரு மாதம் கழித்துப் பேசுகிற வேலையும் அப்படித்தான். சென்னையிலிருந்தே செய்யலாம்.

வயலில் எலி மருந்து வைத்திருந்தோம். செத்த எலியைத் தின்ற நாய்க்கு என்ன கொடுக்கலாம்? (விவசாயி, திருத்துறைப்பூண்டி)

ஒன்றும் கொடுக்காதீர்கள் அண்ணே. பாலும் வேண்டாம், முட்டையும் வேண்டாம், உப்புக் கரைசலும் வேண்டாம். நம் பக்கம் வைக்கிற கறுப்புப் பொடி பெரும்பாலும் சிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலத்தோடு சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும். சாப்பாடு கொடுத்தால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். மருந்துப் பாக்கெட்டோடு நேராகக் கால்நடை டாக்டரிடம் கொண்டு போங்கள். ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரி எட்டுகிற தூரம் என்றால் அங்கே. வண்டிக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களுக்கும் ஆகாது.

சம்பா அறுப்பு நடக்கும் தை, மாசியில் எங்களுக்கு இந்த அழைப்புகள்தான் அதிகம். சாயங்காலம் வைத்த மருந்தில் மிச்சம் இருப்பதைக் காலையில் எடுத்துவிட்டு, செத்த எலிகளைப் புதைத்தாலே பாதிக்கு மேல் தப்பும். இன்னொன்று: வரப்பில் நாயைப் பாம்பு கடித்தால் காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். சாக்கில் படுக்கவைத்துத் தூக்குங்கள். மனிதர்களுக்குப் போடுகிற அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும்.

தன்னார்வலர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. எலி மூத்திரம் கலந்த சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் வெடிப்போ காயமோ இருந்தால் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம்.

நாய்க்குக் காய்ச்சல் என்றால் நம் பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா? (பெயர் சொல்லவில்லை)

கூடாது. வலி மாத்திரை எதையும் உங்கள் கையால் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டுத் திண்ணை ஓரம் குட்டிகள் கத்துகின்றன, தாயைக் காணோம். வந்து எடுத்துப் போகிறீர்களா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

கொஞ்சம் பொறுங்கள் அக்கா. தாய் இரை தேடப் போயிருக்கும். நீங்கள் பக்கத்திலேயே நின்றால் அது வராது. தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். மார்கழியில் நாங்கள் எடுத்து வந்த குட்டிகளில் பலதுக்குத் தாய் உயிரோடு இருந்தது. ஆர்வக் கோளாறில் பிரித்துவிட்டோம். தாய் செத்தது உறுதி என்றால் சொல்லுங்கள், வருகிறோம். அதுவரை குட்டிக்குச் சூடுதான் முதல் மருந்து. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு சில்லென்று இருக்கும்போது பால் புகட்டினால் செரிக்காது, புரையேறியும் செத்துப்போகும்.

தெருநாய்களைப் பிடித்து ஊருக்கு வெளியே விட்டால் என்ன? நீங்கள் ஏன் திரும்பக் கொண்டுவந்து விடுகிறீர்கள்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை)

உங்கள் கோபம் புரிகிறது ஐயா. பேரப்பிள்ளைகள் நடக்கிற தெரு. 2023ஆம் வருட விலங்குக் கருத்தடை விதிகளின்படி, கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காதில் சிறு வெட்டு இருந்தால் அது ஆபரேஷன் ஆனது என்று அடையாளம். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. வெறி பிடித்ததும் மூர்க்கமாகக் கடிப்பதும் மட்டும் விலக்கு. அதே வருடம் நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் மாதிரி இடங்களில் பிடித்ததை அங்கே திரும்ப விடக்கூடாது என்று தனி உத்தரவு வந்தது.

சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், நாயைக் கொண்டுபோய் ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் விட்டால் உங்கள் தெருக் குப்பைத்தொட்டி காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஊசி போடாத வேறு நாய்கள் வந்து உட்காரும். நீங்கள் தெருக்காரர்களைச் சேர்த்து எத்தனை பெட்டை, எங்கே படுக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதித் தந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று வேறு தெரிகிறது.

மனிதர்களுக்குச் செய்யக்கூடாதா? (திருவாரூர்)

செய்யலாமே. நீங்கள் எந்த அமைப்பில் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள், ஒரு ஞாயிறு வருகிறேன்.

புயல் வந்தால் வீட்டு நாயை என்ன செய்வது? (நாகப்பட்டினம்)

கட்டியிருக்கும் சங்கிலியை முதலில் கழற்றுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரை ஏறியபோது தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து வழியே இல்லை. வேதாரண்யம் பக்கம் நாங்கள் போய்ச் சேரவே நாட்கள் ஆனது. கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்த நாய்களைப் பார்த்தேன். அவிழ்த்துவிட்டது மேடு தேடிப் போய் உயிரோடு வந்தது.

ஒரு வருடம் செய்தேன். காப்பாற்ற முடியாமல் போனவை ராத்திரி கண்ணுக்குள் வருகின்றன. நிறுத்திவிடலாமா? (செவிலியர், தஞ்சாவூர்)

நிறுத்துங்கள் தங்கச்சி. அடிபட்ட நாய் இருக்கிற அறைக்குள் ஆறு மாதம் வரவே வேண்டாம். நானும் ஒரு வருடம் அப்படி வண்டி மட்டும்தான் ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் பார்க்கிற சாவு போதாதென்று இங்கேயும் வந்து பார்க்கிறீர்கள், யாராலும் தாங்க முடியாது. ஆனால் போன பங்குனியிலிருந்து மருந்துக்கடை ரசீதுகள் ஒரு அரிசிச் சாக்கு நிறையக் கிடக்கின்றன. உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்க ஆள் இல்லை. டீ நான் வாங்கித் தருகிறேன்.