அந்நிய நேரடி முதலீடு வந்தால் ஒரு நாட்டில் புதுமையும் வளர்ச்சியும் தானாக வந்துவிடுமா?

தானாக வராது. வந்த கம்பெனி தனக்கு வேண்டிய பாகங்களை யாரிடம் வாங்குகிறது என்று முதலில் பாருங்கள். பாதி பதில் அதிலேயே தெரிந்துவிடும். அம்பத்தூரில் கார் பாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்தவன் நான். அதனால் சென்னையை வைத்தே சொல்கிறேன்.

ஹூண்டாய் 1996-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, 1998-ல் அதன் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அப்போது மத்திய அரசு கார் கம்பெனிகளுக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தது: மூன்றாம் ஆண்டுக்குள் 50 சதவீதம், ஐந்தாம் ஆண்டுக்குள் 70 சதவீதம் உள்நாட்டுப் பாகங்கள் இருக்க வேண்டும். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் உலக வர்த்தக அமைப்பில் இதை எதிர்த்து வழக்குப் போட்டன, இந்தியா தோற்றது. ஆனால் அதற்குள் இங்கே பாகங்கள் செய்து சப்ளை செய்யும் வெண்டர்கள் வேர் பிடித்துவிட்டார்கள்.

ஹூண்டாயோடு கொரிய வெண்டர்களும் கூடவே வந்தார்கள் என்பது உண்மைதான். நம் ஆட்கள் பலருக்கு அவர்களுக்குக் கீழே, இரண்டாம் அடுக்கில்தான் இடம் கிடைத்தது. அங்கேயும் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. எதனால் பழுது வந்தது, பாகத்தை வார்க்கும் அச்சான டையில் தேய்மானமா, மூலப்பொருளா, ஆபரேட்டருக்குச் சொல்லித் தந்த முறையா, இனி வராமலிருக்க என்ன மாற்றினீர்கள் என்று எழுதித் தர வேண்டும். அடுத்த ஆடிட்டில் நேரில் வந்து பார்ப்பார்கள். இந்தப் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் எந்தக் கம்பெனிக்குச் சப்ளை செய்தாலும் கூடவே வரும். நான் பார்த்த புதுமை இதுதான். பேட்டன்ட் கணக்கில் இது வராது.

அப்புறம், இதைக் கற்க ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். அசோக் லேலண்ட், டிவிஎஸ் குழுமம், அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாலிடெக்னிக்குகள் எல்லாம் ஹூண்டாய்க்குப் பல ஆண்டுகள் மூத்தவை. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் 1998-லேயே தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் விருதை வாங்கியது. போரென்ஸ்டைன், டி கிரெகோரியோ, லீ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: ஓரளவு கல்வித்தரம் உள்ள நாட்டில்தான் அந்நிய முதலீடு வளர்ச்சியைக் கூட்டுகிறது. லித்துவேனியாவை ஆராய்ந்த பொருளாதார நிபுணர் பியாட்டா யாவோர்சிக், பலன் அந்நியக் கம்பெனிக்குச் சப்ளை செய்யும் துறைகளுக்குப் போவதைக் காட்டினார். அதே துறையில் போட்டி போடும் உள்ளூர் கம்பெனிகளின் கதை வேறு. வெனிசுலாவில் அவற்றின் உற்பத்தித்திறன் குறைந்ததாக எய்ட்கன், ஹாரிசன் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோருக்கு, அதிலும் ஏராளமான இளம்பெண்களுக்கு, வேலை கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சிப் போன்ற முக்கியப் பாகங்கள் வெளிநாட்டிலிருந்தே வந்தன, சுற்றியிருந்த சப்ளையர்களும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகள். வரித் தகராறில் ஆலை சிக்கியது. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. அந்த வேலையைக் கற்றவர்கள் அதை எடுத்துக்கொண்டு போக அக்கம்பக்கத்தில் உள்ளூர் கம்பெனி எதுவும் இல்லை.

இப்போது அதே வட்டாரத்தில் தைவான் கம்பெனியான ஃபாக்ஸ்கான் பாகங்களைச் சேர்த்து ஐபோன் செய்கிறது. ஏற்றுமதித் தொகையைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுகிறோம், சரி. நான் பார்ப்பது வேறு: அதன் உலோகப் பாகங்களுக்கும் அச்சுகளுக்கும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் அச்சும் கருவியும் செய்யும் எத்தனை டூல் ரூம்கள் ஆர்டர் வாங்கியிருக்கின்றன? முதலீட்டாளருக்குத் தரும் சலுகையில் ஒரு பங்கையாவது அரசு இந்தச் சிறு கம்பெனிகளின் இயந்திரங்களுக்கும் ஐடிஐ ஆசிரியர்களுக்கும் ஒதுக்க வேண்டும்.