கால் வைத்தால் நில ஆமை, துடுப்பு வைத்தால் கடலாமை

வாசகர் கேள்விகளுக்குக் கைவேலைப் பகுதியினர் பதில்

கேள்வி: மூன்றாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள். ஆண்டுதோறும் பாக்குமட்டைத் தட்டில் ஆமை செய்கிறோம். பச்சை அடித்து நான்கு கால் ஒட்டினால் வேலை முடிந்தது. பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) என்ற கடலாமையைப் பற்றிச் சொல்லித்தர இதையே எப்படி மாற்றலாம்?
(ஆசிரியை, தாம்பரம்)

பதில்: தட்டை மாற்ற வேண்டாம். பங்குனி ஆமையின் ஓடு ஏறக்குறைய நீளத்துக்குச் சமமான அகலம் உள்ளது. பத்து அங்குல வட்டத் தட்டைக் கவிழ்த்தால் அதன் சாயல் வந்துவிடும். மாற வேண்டியவை காலும் தலையும் நிறமும்.

கடலாமைக்குக் கால் கிடையாது, துடுப்புதான். முன் துடுப்பு நீளம், பின் துடுப்பு குட்டை. பத்து அங்குலத் தட்டுக்கு முன்னது 14 செ.மீ., பின்னது 8 செ.மீ. வைத்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். பழைய அட்டைப்பெட்டியில் வெட்டும்போது அட்டைக்குள் ஓடும் நெளிவரிகள் துடுப்பின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே போனால் மறுநாளே துடுப்பு மடங்கித் தொங்கும். பசையைக் குறை சொல்லிப் பயனில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி நூல் கட்டி விளையாட்டுப் பொம்மை செய்கிறார்கள். கடலாமையால் அது முடியாது. தலையை வெளியிலேயே அசையாமல் ஒட்டுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்.

ஓட்டின் தகடுகளில்தான் பாடம் இருக்கிறது. பேராமை, அழுங்காமை என்ற வேறு இரு கடலாமைகளுக்கு, நடுவரிசைத் தகடுகளின் இருபுறமும் பக்கத்துக்கு நான்கு தகடுகள். பங்குனி ஆமைக்கு வழக்கமாக ஆறு முதல் ஒன்பது. அதுவும் இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஏழு என்று சமமில்லாமலும் இருக்கும். ஒரு பிள்ளை எண்ணிக்கை தவறி ஒட்டினால் அழவிடாதீர்கள், கடலிலும் அப்படி உண்டு.

தடித்த அட்டையில் தகடு வெட்டினால் வளைவில் ஓரம் தூக்கிக்கொள்ளும். காலண்டர் தாள் போதும். பென்சிலில் ஒரு சுற்றுச் சுற்றி வளைத்துவிட்டு ஒட்டினால் படியும். நிறம் புல் பச்சை அல்ல. மஞ்சள் போஸ்டர் வண்ணத்தில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சாம்பலோடிய பாசிப்பச்சை கிடைக்கும். கறுப்பில் மஞ்சளை விட்டால் டப்பா முழுக்கத் தீர்ந்தாலும் வராது.

கேள்வி: ஆமை நூறு முட்டைக்கு மேல் இடும் என்றால் பிள்ளைகளுக்கு அது வெறும் எண்ணாகவே இருக்கிறது. கூட்டைச் செய்துகாட்ட வழி உண்டா?
(பெற்றோர், கடலூர்)

பதில்: உண்டு. எல்லா முட்டையையும் உருட்ட வேண்டும், பத்துப் பதினைந்தோடு நிறுத்தினால் பயனில்லை. உண்மையான முட்டை மேசைப்பந்து அளவு, குறுக்களவு 4 செ.மீ. அந்த அளவில் 120 உருட்ட ஏழரைக் கிலோ களிமண் வேண்டும். குறுக்களவைப் பாதியாக்கினால் மண் எட்டில் ஒரு பங்காகிவிடும், ஒரு கிலோ போதும். முப்பது பேர் வகுப்பென்றால் ஆளுக்கு நான்கு. காய்ந்தால் களிமண் சுருங்கும் என்பதால் 2 செ.மீ.க்குச் சற்றுப் பெரிதாகவே உருட்டுங்கள்.

நிழலில் மூன்று நாள் காயட்டும். பிறகு சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷன் இரண்டு பூச்சு. இதை விட்டுவிட்டால் ஈர மணலுக்குள் முட்டை கரைந்து கஞ்சியாகும். நிறைய பேர் தோற்பது இந்த இடத்தில்தான்.

அளவு பாதியானதால் கூட்டின் ஆழமும் பாதி. தாய் ஆமை பின் துடுப்புகளால் ஏறக்குறைய 45 செ.மீ. தோண்டுகிறது, நமக்கு 22 செ.மீ. ஐந்து லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு, வெட்டிய ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். சலித்த கட்டட மணல் ஆறு கிலோ, தண்ணீர் 300 மி.லி. கலந்து பிசைந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். அடியில் நான்கு விரல் மணல். பாட்டிலின் முன்பக்கச் சுவரையொட்டிக் குடம் போல் அடி அகன்று வாய் குறுகிய குழி செய்து, முட்டைகளை வெளியே தெரியும்படி அடுக்கி, மேலே மணலை மூடி லேசாக அழுத்துங்கள். காய்ந்த மணலில் செய்தால் குழிச்சுவர் சரிந்து முட்டை மறைந்துபோகும். ஒரு முறை வேண்டுமென்றே சரியவிட்டுக் காட்டுங்கள். ஆமை மேல்மணலைத் தள்ளிவிட்டு ஈரமணல் வரைக்கும் ஏன் போகிறது என்பது கேட்காமலே விளங்கும்.

முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அத்தனை நாளுக்கு ஒரு காலண்டரைப் பாட்டிலில் கட்டி, பிள்ளைகள் தினம் ஒரு நாளை அடிக்கட்டும். ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் இன்னொன்றும் சொல்லலாம்: மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண்.

கேள்வி: குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் சாலைப் பக்கம் போவதை எப்படிப் புரியவைப்பது?
(ஆசிரியர், திருவான்மியூர்)

பதில்: செருப்புப்பெட்டி ஒன்று, பிஸ்தா ஓடுகள் பத்து. பாதி அளவுக் குஞ்சுக்குப் பிஸ்தா ஓடு அப்படியே பொருந்தும். குஞ்சு கருஞ்சாம்பல் நிறம், தாயின் நிறம் அல்ல.

பெட்டியில் மணல் பரப்பி ஓடுகளை வையுங்கள். ஒரு முனையில் கடல்: அகலத் துளை, நீலக் கண்ணாடித்தாள். மறுமுனையில் தெரு: நான்கைந்து சிறு துளைகள், இரண்டு மடிப்பு பட்டர் பேப்பர். பக்கச்சுவரில் பார்க்கும் துளையை மணல்மட்டத்துக்கு ஒரு செ.மீ. மேலே வையுங்கள். மேலே மூடியில் துளை போட்டால் பிள்ளைகள் மனிதர்கள் போலப் பார்க்கிறார்கள். கீழிருந்து பார்த்தால்தான் குஞ்சுக்குத் தெரிவது தெரியும். அறையை இருட்டாக்கி, முதலில் நீலப்பக்கம் மட்டும் மங்கலான வெளிச்சம். பிறகு தெருப்பக்கம் கைபேசி டார்ச். “எந்தப் பக்கம் வெளிச்சம்?” என்று மட்டும் கேளுங்கள். குஞ்சு தாழ்வான, வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊரும் என்பதை அதன் பிறகு சொன்னால் போதும். துளைக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளும் ஒட்டிப் பாருங்கள். ஆமைகளைச் சிவப்பு வெளிச்சம் குறைவாகவே ஈர்க்கும்.

கேள்வி: இழுவை வலையில் ஆமை சிக்குவதை எட்டாம் வகுப்புக்குச் செய்துகாட்ட முடியுமா?
(நாகப்பட்டினம் வாசகி)

பதில்: வெங்காயம் வரும் வலைப்பை போதும். வலையின் நடுவில் ஒரு கம்பி வளையம். அதில் தென்னை ஈர்க்குகளை ஒன்றரைச் செ.மீ. இடைவெளியில் நெடுக்காகக் கட்டுங்கள். அதற்குச் சற்று முன்னால் வலையின் மேற்பக்கம் கை நுழையுமளவு கிழிசல், அதன் மேல் தொங்கும் துணி மூடி. இறாலுக்குப் பதில் பச்சைப்பட்டாணி, கூடவே 5 செ.மீ. அட்டை ஆமை ஒன்று. வலையைச் சாய்த்து உள்ளே உருட்டினால் பட்டாணி ஈர்க்கிடையில் பின்னே போகும், ஆமை மேலே சறுக்கி மூடியைத் தள்ளி வெளியே வரும். ஈர்க்கு கட்டிய வளையத்தை நிமிர்த்தி வைத்தால் ஆமை அதில் முட்டி நின்றுவிடும், ஆகவே 45 பாகை சாய்வு முக்கியம். கடலில் பயன்படும் ஆமை விலக்குச் சாதனமும் இதே சாய்வுத் தத்துவம்தான். ஆமைக்கு நுரையீரல் உண்டு, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் “தண்ணீரில் வாழ்வது எப்படி மூழ்கிச் சாகும்?” என்ற கேள்வியிலேயே வகுப்பு நின்றுவிடும்.

கேள்வி: கரையில் கிடைக்கும் ஆமை ஓடு, பொரிந்த முட்டைத்தோல் ஆகியவற்றைக் கண்காட்சியில் வைக்கலாமா?
(மாணவன், சென்னை)

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமைகள் உள்ளன. உடற்பகுதியை வைத்திருப்பதும் குற்றம். இறந்த ஆமையைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். முட்டைத்தோலுக்குக் கோழிமுட்டை ஓட்டை வைக்காதீர்கள், அது சில்லாக உடையும். ஆமையுடையது தோல் போல் வளைந்து சுருளும். கிழிந்த வெள்ளை பலூன் துண்டுகள் அச்சு அசலாக இருக்கும். சிறு பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளலாம், ஆகவே எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.