1866 பிரஷ்யா வெள்ளிக்காசு: "தாலர்" ஸ்பெல்லிங்ல ஒரு ஹெச் கூட இருக்கு, போலியா?

பழைய ஜெர்மன் நாடான பிரஷ்யாவோட வெள்ளிக்காசுதான் தாலர்; டிக்‌ஷனரில ஹெச் இல்லயே, காசுல மட்டும் இருக்கேன்னு கேட்டிருந்தீங்க. ஹெச் இருக்குறதுதான் சரி, அத வச்சு போலின்னு சொல்ல முடியாது. அந்தக் காலத்துல இது மாதிரி சில வார்த்தைகள்ல டி-க்கு அப்புறம் ஹெச் போட்டுத்தான் எழுதுவாங்க, 1901-ல ஜெர்மன் எழுத்துமுறைய திருத்துனப்பதான் அது போச்சு. நீங்க பாத்த டிக்‌ஷனரி அதுக்குப் பிந்தின ஸ்பெல்லிங்க காட்டுது, அவ்ளோதான்.

ரோமன் எண்ல 30-னு போட்டிருக்கே, 30 தாலரான்னு கேட்டிருந்தீங்க. இல்லங்க, மதிப்பு ஒரே தாலர்தான். 1857 வியன்னா ஒப்பந்தப்படி 500 கிராம் சுத்த வெள்ளில 30 காசு அடிக்கணும், அந்தக் கணக்கத்தான் காசுலயே பொறிச்சிருக்காங்க, அதனால ஒரு காசுல சுத்த வெள்ளி சுமார் 16.67 கிராம், மீதி செம்பு சேத்து மொத்தம் 18.5 கிராம் வரும்.

நகைக்கடை தராசுல எடை போடுங்க. அப்புறம் விளிம்ப லென்ஸ் வச்சு சுத்திப் பாருங்க, "காட் மிட் உன்ஸ்"னு ஜெர்மன்ல எழுத்து பதிஞ்சிருக்கணும், கடவுள் நம்மோடன்னு அர்த்தம். போலி அடிக்கிறவன் முகத்த நல்லா செஞ்சிட்டு இங்கதான் கோட்ட விடுவான். ராஜா தலைக்குக் கீழ சின்னதா ஏ இருந்தா பெர்லின் நாணயச்சாலைல அடிச்சது.

1907 வரைக்கும் ஜெர்மனில 3 மார்க் (அப்புறம் வந்த ஜெர்மன் பணம்) காசா கைமாறினது, அதனால தேஞ்சு எடை கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம், பயப்படாதீங்க. ஆனா எடை சரியா இருக்குறதால மட்டும் ஒரிஜினல்னு முடிவு பண்ணிடாதீங்க, வெள்ளிலயே போலி வார்க்கறாங்க. தயவுசெஞ்சு புளி, விபூதி போட்டு மட்டும் தேய்க்காதீங்க, வில போயிரும்.